கிட்டி முதல் பின் நம்பர் வரை

1855-ல் சென்னையில் அச்சான ஓர் ஆங்கில அரசு அறிக்கையில் இரண்டு தமிழ்ச் சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று கிட்டி. இன்னொன்று அண்ணாந்தாள். கிட்டி என்பது விரல்களை நடுவில் வைத்து நெருக்கும் மரக்கட்டைகள். அண்ணாந்தாள் என்பது ஆளைக் குனியவைத்துக் கயிற்றால் கட்டி, நிமிர முடியாமல் அப்படியே விட்டுவிடுவது. இரண்டுக்கும் சரியான ஆங்கிலச் சொல் கிடைக்கவில்லை போலிருக்கிறது, நம் சொற்களையே போட்டுவிட்டார்கள். சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரித்த குழுவின் அறிக்கை அது.

இந்தக் குறிப்பு அந்த அறிக்கையைப் பற்றியது மட்டும் இல்லை. நம் கையில் இருக்கும் செல்போனைப் பற்றியது. "வண்டியை ஓரங்கட்டு, லைசென்ஸ் எடு, ஆர்.சி. எடு" என்பது வரைக்கும் எல்லோருக்கும் பழக்கம். அடுத்து "போனைக் குடு, லாக்கை எடு" என்று கேட்டால் என்ன செய்வது? இது கற்பனைக் கேள்வி இல்லை. 2021 அக்டோபரில் ஐதராபாத் போலீஸ் ரோட்டில் போகிறவர்களை நிறுத்தி, வாட்ஸ்அப்பைத் திறக்கச் சொல்லி, 'கஞ்சா' என்ற சொல்லைத் தேடிப் பார்த்த வீடியோ நாடு முழுக்கச் சுற்றியது. பார்த்தவர்களில் பாதிப்பேர் "தப்பு பண்ணாதவனுக்கு என்ன பயம்?" என்றார்கள். மீதிப்பேர் "இதுக்குச் சட்டத்துல இடம் இருக்கா?" என்றார்கள்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் தேடிப் போனால் அந்த 1855 அறிக்கையில் போய்த்தான் நிற்க வேண்டியிருக்கிறது. என் வாசிப்பில் கிடைத்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் சட்டம் 160 வருஷமாக ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறது. போலீஸ் ஒருவன் வாயிலிருந்து வாங்கிய சொல்லை நம்பாதே. போலீஸ் அவன் வீட்டிலிருந்து எடுத்த பொருளை நம்பு. செல்போன் வந்தபிறகு அந்தக் கோடு அழிந்துவிட்டது. ஏனென்றால் போன் ஒரு பொருள்தான், ஆனால் உள்ளே இருப்பது முழுக்கச் சொல்.

சொல்லை நம்பாதே

1854-ல் லண்டன் பாராளுமன்றத்தில் சென்னை மாகாணத்தைப் பற்றி விவாதம் வந்தது. வரி வசூலுக்காக ஜனங்களை அடித்து உதைக்கிறார்கள் என்று புகார். கம்பெனி தரப்பு மறுத்தது. விசாரிக்க எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்று மூன்று பேரை நியமித்தார்கள். நேரிலும் தபாலிலுமாக 1,900-க்கும் மேற்பட்ட புகார்கள் வந்து குவிந்தன. 1855 ஏப்ரலில் அறிக்கை வந்தது. காரல் மார்க்ஸ் 1857-ல் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் இந்தியச் சித்திரவதைகளைப் பற்றி எழுதியபோது இந்த அறிக்கையைத்தான் ஆதாரமாக எடுத்துக்கொண்டார்.

அந்த அறிக்கை கண்டுபிடித்த முக்கியமான விஷயம், வரி வசூலிக்கிற ஆளும் குற்றம் விசாரிக்கிற ஆளும் ஒரே ஆள் என்பது. தாசில்தார்தான் அந்தத் தாலுகாவுக்குப் போலீஸ் தலைவரும். கிஸ்தி பாக்கிக்குக் கிட்டி போட்ட கை, திருட்டு விசாரணைக்கும் கிட்டி போட்டது. நான் இருக்கும் ஆரணி அப்போது வட ஆற்காடு மாவட்டத்துக்குள் ஒரு ஜாகீர். சுற்றிலும் கலெக்டர் ஆட்சி, தாசில்தார், சேவகர்கள் என்று இதே ஏற்பாடுதான்.

விளைவு இரண்டு. 1859-ல் சென்னைக்குத் தனியாகப் போலீஸ் சட்டம் வந்து, ரெவின்யூவும் போலீஸும் பிரிந்தன. 1861-ல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம், போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்றது. அதுவே 1872 சாட்சியச் சட்டத்தில் 25-ஆம் பிரிவு ஆனது. இன்றைக்கு பாரதிய சாட்சிய அதிநியமம் 23-ஆம் பிரிவு. வெள்ளைக்காரன் தன் போலீஸையே நம்பாமல் எழுதிய சட்டம் இது. அதன் பின்னணியில் நம்மூர் விரல்கள் நசுங்கியிருக்கின்றன.

ஆனால் அதே சட்டத்தில் ஒரு ஜன்னலைத் திறந்தும் வைத்தார்கள். பழைய 27-ஆம் பிரிவு. ஒருவன் போலீஸிடம் "கத்தியைக் கிணத்து மேட்டுல புதைச்சேன்" என்று சொல்லி, அங்கே கத்தியும் கிடைத்தால், அந்தக் கத்தியைக் காட்டிக்கொடுத்த அளவுக்கு அவன் சொன்னது செல்லும். பேப்பரில் தினமும் படிக்கிறோமே, "அவர் கொடுத்த தகவலின் பேரில் அரிவாள் கைப்பற்றப்பட்டது" என்று, அந்த வரிக்கு ஊற்று இங்கேதான். இதன் தர்க்கம் எளிமையானது. அடித்தால் மனுஷன் பொய் சொல்வான், கத்தி பொய் சொல்லாது.

பொருளை நம்பு

இங்கிலாந்தில் பொருளைப் பற்றியும் ஒரு சண்டை நடந்து முடிந்திருந்தது. 1762 நவம்பரில் ஜான் என்டிக் என்ற எழுத்தாளர் வீட்டுக்குள் அரசரின் ஆட்கள் புகுந்தார்கள். நாலு மணி நேரம் பெட்டிகளை உடைத்துக் காகிதங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அமைச்சர் கையெழுத்துப் போட்ட வாரண்ட் கையில் இருந்தது. என்டிக் வழக்குப் போட்டார். 1765-ல் நீதிபதி கேம்டன், இப்படி ஒரு வாரண்ட் கொடுக்கச் சட்டத்தில் இடமே இல்லை, ஒருவனுடைய காகிதங்கள் அவன் சொத்துகளிலேயே மிகவும் அருமையானவை என்று சொல்லித் தீர்ப்பளித்தார். அமெரிக்க அரசியல் சட்டத்தின் நாலாவது திருத்தம் வந்ததற்கு இந்த வழக்கும் ஒரு காரணம்.

இந்தியாவுக்கு அந்தப் பாடம் முழுசாக வரவில்லை. 1898 நடைமுறைச் சட்டத்தின் 165-ஆம் பிரிவு, நேரமில்லாவிட்டால் வாரண்ட் இல்லாமலே சோதனை போடலாம், காரணத்தை எழுதி வைத்தால் போதும் என்றது.

சுதந்திரம் வரும்போது இதை மாற்ற ஒரு வாய்ப்பு வந்தது. 1947-ல் அடிப்படை உரிமைகளுக்கான துணைக்குழுவில், வீட்டுக்குள் அத்துமீறி நுழையக்கூடாது, கடிதப் போக்குவரத்து ரகசியம் காக்கப்பட வேண்டும் என்று வரைவுகள் இருந்தன. எதிர்த்தவர்களில் ஒருவர் சென்னையின் பெரிய வக்கீல் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். இன்னொருவர் பி.என். ராவ். கடித ரகசியத்தை அடிப்படை உரிமையாக்கினால் கோர்ட்டில் கடிதத்தைச் சாட்சியமாகக் காட்டுவதே சிக்கலாகிவிடும், குற்ற விசாரணை கெட்டுப்போகும் என்பது அல்லாடியின் வாதம். வரைவு கைவிடப்பட்டது. 1948 டிசம்பரில் காசி சையத் கரீமுதீன் அரசியல் நிர்ணய சபையில் நியாயமற்ற சோதனைக்கு எதிராக ஒரு திருத்தம் கொண்டுவந்தார். நடைமுறைச் சட்டத்திலேயே இது இருக்கிறது, ஆனாலும் சட்டமன்றம் கைவைக்க முடியாத இடத்தில் இருப்பது நல்லதுதான் என்று அம்பேத்கர் ஆதரித்தார். அப்படியும் திருத்தம் நிறைவேறவில்லை.

அந்த இடைவெளியின் விலை 1954-ல் தெரிந்தது. டால்மியா நிறுவனங்களில் போட்ட சோதனையை எதிர்த்து வந்த எம்.பி. சர்மா வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகள், சோதனை போட்டுக் காகிதத்தை எடுப்பது ஒருவனைத் தனக்கு எதிராகச் சாட்சி சொல்லவைப்பது ஆகாது என்றார்கள். அமெரிக்காவின் நாலாவது திருத்தம் மாதிரி ஒன்றை நம் அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் வைக்கவில்லை, நாங்கள் எப்படிக் கொண்டுவருவது என்றும் கேட்டார்கள். 1973-ல் பூரண் மல் வழக்கு இன்னும் ஒரு படி போனது. வருமானவரிச் சோதனையே சட்டவிரோதமாக நடந்திருந்தாலும், அதில் கிடைத்த பொருள் சாட்சியமாகச் செல்லும் என்றது. கதவை உடைத்தது தப்பாக இருக்கலாம், உள்ளே கிடைத்த காகிதம் காகிதம்தானே என்ற கணக்கு.

பொருளும் பொய் சொல்லும்

இந்த நம்பிக்கை எவ்வளவு பலவீனமானது என்பதற்குத் தமிழ்நாட்டு வரலாற்றிலேயே ஒரு கதை இருக்கிறது. பாரதியும் வ.வே.சு. ஐயரும் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்த காலம். பிரெஞ்சு எல்லைக்குள் பிரிட்டிஷ் போலீஸ் கைவைக்க முடியாது, ஒற்றர்களை வைத்துக்கொண்டு சுற்றிவந்தார்கள். ஒருநாள் ஐயர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போது ஒரு ஜாடி மேலே வந்தது. உள்ளே ராஜத்துரோகத் துண்டறிக்கைகள். யாரோ போட்டுவிட்டுப் போனவை. சுதேசிகள் சுதாரித்துக்கொண்டு அவர்களே பிரெஞ்சு போலீஸிடம் ஜாடியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டதால் தப்பித்தார்கள். ஜாடி அவர்கள் கண்ணில் படாமல், சோதனைக்கு வந்தவர்கள் கையில் முதலில் கிடைத்திருந்தால்? மகஜரில் "கிணற்றிலிருந்து கைப்பற்றியது" என்று ஒரு வரி. பொருள் பொய் சொல்லாது, முடிந்தது கதை.

ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு கிணறு இருந்த இடத்தில் ஹார்டு டிஸ்க். திருச்சி பக்கம் விரகாலூரில் பிறந்து ஜார்க்கண்டில் ஆதிவாசிகளோடு வாழ்ந்த பாதிரியார் ஸ்டேன் சாமியின் கணினியை 2019 ஜூனில் புனே போலீஸ் எடுத்துக்கொண்டு போனது. 2020 அக்டோபரில் கைதானார். 2021 ஜூலை 5-ஆம் தேதி, விசாரணை தொடங்கும் முன்பே, காவலில் இருந்தபடியே மும்பை ஆஸ்பத்திரியில் இறந்தார். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் அர்செனல் கன்சல்டிங் என்ற தடயவியல் நிறுவனம், அவர் கணினிக்குள் வெளியிலிருந்து ஊடுருவி ஆவணங்களை வைத்திருக்கிறார்கள் என்று அறிக்கை கொடுத்தது. என்.ஐ.ஏ. இதை ஏற்கவில்லை. கோர்ட்டில் இது தீரும்போது தீரட்டும். ஜாடியைக் கண்ணால் பார்க்கலாம். ஃபைலை யார், எப்போது வைத்தார்கள் என்று பார்க்கக் கைப்பற்றிய நிமிஷத்திலேயே அதன் ஹாஷ் எண்ணைக் குறித்திருக்க வேண்டும். ஹாஷ் எண் என்பது மொத்தத் தரவுக்கும் போடும் சீல் மாதிரி, ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். சாலையோரத்தில் போனை வாங்கி விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பவர் அந்தச் சீலை வைப்பதற்கு முன்பே பெட்டியைத் திறந்துவிடுகிறார்.

தறி வீட்டு போன்

"பெரிய ஆளுங்க கதை நமக்கு எதுக்கு" என்று கேட்பவர்களுக்காக ஊருக்கு வருகிறேன். ஆரணி, ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு, தேவிகாபுரம் பக்கத்துப் பட்டுத்தறி வீடுகளை யோசித்துப் பாருங்கள். வீடே பட்டறை. குழித்தறி ஒரு பக்கம், அடுப்பு ஒரு பக்கம். முப்பது வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு வீட்டில் போலீஸ் சோதனை போட்டால் என்ன கிடைத்திருக்கும்? முதலாளியிடம் வாங்கிய முன்பணக் கணக்கு நோட்டு, சொசைட்டி பாஸ்புக், கம்பியில் குத்திவைத்த பழைய கடிதங்கள், ஜக்கார்டு அட்டைக் கட்டு. நோட்டை எடுத்தால் கணக்கு தெரியும். கடிதத்தை எடுத்தால் சொந்தக்காரர் சமாச்சாரம் தெரியும். ஒன்றை எடுத்தால் ஒன்றுதான் போகும்.

இப்போது அதெல்லாம் ஒரு போனுக்குள் வந்துவிட்டது. முதலாளி அனுப்பிய பார்டர் டிசைன் அதில், நெய்து முடித்த சேலைப் படம் அதில், கூலி வருவது அதில், மகளிர் குழுத் தவணை அதில், பொண்ணு காலேஜிலிருந்து அனுப்பும் மெசேஜ் அதில், ஆஸ்பத்திரி ரிப்போர்ட் அதில். வேறு யாரோ செய்த ஒரு அடிதடிக்கு, அவன் உங்களுக்கு போன் பண்ணியிருந்தான் என்று உங்கள் போனை எடுத்தால், இத்தனையும் சேர்ந்து போகிறது. மொட்டு விடாத டிசைன் வெளியே கசிந்தால் முதலாளிக்கு நஷ்டம், பழி நெய்தவர் தலையில். போன் வழக்குச் சொத்தாகி ஸ்டேஷன் அலமாரிக்குப் போய்விட்டால் மறுநாள் கூலி வாங்குவதற்கும் வழி இல்லை.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014-ல் ரைலி வழக்கில் இதைத்தான் பார்த்தது. கைதானவனின் சட்டைப்பையில் சிகரெட் பாக்கெட் இருந்தால் திறந்து பார்க்கலாம், அதே தர்க்கத்தை போனுக்குப் போட முடியாது, வாரண்ட் வாங்கிக்கொண்டு வா என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்.

விரலா, மனசா?

நம் கோர்ட்டுகளுக்கு வேறொரு முடிச்சு விழுந்தது. அரசியல் சட்டம் 20(3), குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. 1961-ல் காத்தி காலு வழக்கில் பதினொரு நீதிபதிகள் கைரேகை, கையெழுத்து எல்லாம் சாட்சி சொல்வது ஆகாது, அவை உடம்பின் அடையாளங்கள் என்றார்கள். 2010-ல் செல்வி வழக்கில், சம்மதம் இல்லாமல் உண்மை கண்டறியும் மருந்து கொடுப்பது, பொய் கண்டுபிடிக்கும் சோதனை செய்வது இரண்டும் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. மனசுக்குள் இருப்பதைப் பலவந்தமாக எடுப்பது சாட்சி சொல்லவைப்பதுதான் என்றார்கள். 1855 அறிக்கையின் நேர் வாரிசு என்று செல்வி தீர்ப்பைச் சொல்லலாம். கிட்டி ஊசியாக மாறியிருந்தது, அவ்வளவுதான்.

இப்போது போனை எடுத்துக்கொள்ளுங்கள். விரல் வைத்துத் திறந்தால் காத்தி காலு. நாலு இலக்க நம்பரைச் சொல்லித் திறந்தால் செல்வி. ஒரே பூட்டு, ஒரே கதவு, உள்ளே அதே சாமான். சட்டத்துக்கு மட்டும் இரண்டு வெவ்வேறு விஷயம்!

2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று அறிவித்தார்கள். அப்படி ஓர் உரிமை இல்லை என்ற அளவுக்கு எம்.பி. சர்மா தீர்ப்பு தள்ளுபடி ஆனது. அந்தரங்கத்தில் அரசு கைவைக்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்கு மேல் ஒரு அடி கூடப் போகக்கூடாது. அளவுகோல் கிடைத்துவிட்டது. ஆனால் போனை எப்படிச் சோதிப்பது என்று தனிச் சட்டம் எதுவும் வரவில்லை.

அதனால் கீழே ஆளுக்கொரு வழி. 2021 மார்ச்சில் கர்நாடக உயர் நீதிமன்றம் வீரேந்திர கன்னா வழக்கில், போனுக்குள் பார்ப்பது ஒரு வீட்டுக்குள் சோதனை போடுவதற்குச் சமம், வாரண்ட் வேண்டும், அவசரமென்றால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும் என்றது. அதே தீர்ப்பு, பாஸ்வேர்டு கொடுப்பது சாட்சி சொல்வது ஆகாது என்றும் சொன்னது. 2022-ல் டெல்லி சிபிஐ தனி நீதிமன்றம் இதற்கு நேர்மாறாக, பாஸ்வேர்டு மனசில் இருப்பது, குற்றம் சாட்டப்பட்டவரைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது என்றது. 2023-ல் பத்திரிகையாளர்களின் சாதனங்களைக் கைப்பற்றுவது பற்றிய வழக்கில், விதிமுறை கொண்டுவாருங்கள் என்று உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடம் கேட்டது. அதுவரைக்கும் சிபிஐ கையேட்டைப் பின்பற்றுகிறோம் என்று அரசு பதில் சொன்னது. போலீஸை நடத்த வேண்டிய விதியை போலீஸே எழுதிவைத்த கையேட்டிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

சென்னையிலிருந்து இரண்டு தீர்ப்பு

இந்தக் குழப்பத்தில் சென்னை உயர் நீதிமன்றம் 2025-ல் இரண்டு இடத்தில் தெளிவாகப் பேசியது. அண்ணா பல்கலைக்கழக மாணவி வழக்கில் முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்ததை ஒட்டி, சிறப்புப் புலனாய்வுக் குழு பத்திரிகையாளர்கள் சிலருடைய போன்களை வாங்கி வைத்துக்கொண்டது. பிப்ரவரியில் அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

ஜூலை 2-ஆம் தேதி வந்தது இன்னும் ஆழமானது. ஒரு லஞ்ச வழக்கில் 2011-ல் உள்துறை அமைச்சகம் போட்ட ஒட்டுக்கேட்பு உத்தரவை நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ரத்து செய்தார். பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்போ இல்லாத இடத்தில் தந்திச் சட்டத்தைப் பயன்படுத்த முடியாது என்றார். அப்படிக் கேட்டுப் பதிவு செய்தவற்றை எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்றும் சேர்த்தார். பூரண் மல்லின் "எப்படிக் கிடைத்தால் என்ன, பொருள் பொருள்தானே" என்ற பழைய கணக்கு இங்கே உடைகிறது. 1861-ல் சொல்லுக்குக் கிடைத்த பாதுகாப்பு பொருளுக்கும் நீள ஆரம்பிக்கிறது என்று இதை நான் படிக்கிறேன்.

போன் வழக்குகளுக்கும் இந்தக் கொள்கை வர வேண்டும். தவறாக எடுத்தது கோர்ட்டில் செல்லாது என்று தெரிந்தால்தான் தவறாக எடுப்பது குறையும். வாக்குமூலத்துக்கு 1861-ல் செய்ததும் இதேதான். அடிக்காதே என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை, அடித்து வாங்கினால் பிரயோஜனம் இல்லை என்று ஆக்கினார்கள்.

அதுவரைக்கும் கையில் இருப்பது 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய நடைமுறைச் சட்டம், பி.என்.எஸ்.எஸ். அதிலிருந்து நாலு விஷயத்தை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 94-ஆம் பிரிவுப்படி போனைக் கொண்டுவரச் சொல்ல ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரி எழுத்தில் உத்தரவு தர வேண்டும், வாய்ச்சொல் போதாது. 185-ஆம் பிரிவுப்படி வாரண்ட் இல்லாமல் சோதனை போட்டால் காரணத்தை எழுதி, 48 மணி நேரத்துக்குள் நகலை மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். 105-ஆம் பிரிவுப்படி சோதனையையும் கைப்பற்றுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். கைப்பற்றிய பொருளை விசாரணை முடியும்வரை பொறுப்பில் திருப்பிக் கேட்க மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். சுந்தர்பாய் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஸ்டேஷனில் பொருளைப் பதினைந்து நாள் முதல் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டியதில்லை என்று 2002-லேயே சொல்லியிருக்கிறது. ரோட்டில் நிறுத்தி வாட்ஸ்அப்பைத் திறந்து காட்டு என்று சொல்ல இந்தச் சட்டத்தில் தனியாக ஒரு பிரிவு இல்லை.

ராத்திரி பத்து மணிக்குத் தனியாக நிற்கும்போது பிரிவு எண் சொல்லி வாதாட எல்லோராலும் முடியாது, அது எனக்கும் தெரியும். குறைந்தது "எழுத்துல குடுங்க சார்" என்று ஒரு வார்த்தை கேட்கலாம். 1855-ல் சென்னை மாகாணத்து ஜனங்கள் புகார் எழுதி அனுப்பியதால்தான் கிட்டி அச்சேறியது. அச்சேறியதால்தான் சட்டம் மாறியது.